பதினொன்று கேட்டார்கள், நான்கு வாங்கினார்கள்: வீட்டு ஒலிப்பதிவுக் கருவித் தேர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. எஸ்எம்7பி மைக், அதற்கு ஒரு பூஸ்டர், மைக்கையும் கணினியையும் இணைக்கும், எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் பெட்டி, எட்டு அங்குல ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சுவருக்கு ஃபோம், மைக்குக்குப் பின்னால் நிறுத்தும் வளைந்த தடுப்பு, ஹெட்ஃபோன், அதற்குத் தனி ஆம்ப், எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதைக் கணினிக்குச் சொல்லும் 49 கட்டை மிடி கீபோர்டு, ஸ்டாண்ட், புது லேப்டாப். மொத்தம் பதினொன்று. கடைசியில் ஒரு வரி: "அண்ணா, இதுல எதாவது விட்டுப்போச்சா?"

அனுப்பியவன் கிதார் வாசிப்பவன். அவனுடைய அக்கா பாடுபவர், ஆன்லைனில் பாட்டு வகுப்பும் எடுக்கிறார். இருவரும் சேர்ந்து எழுதிய நான்கு பாட்டுகளை வீட்டிலேயே பதிந்து வெளியிட வேண்டும். ஒரு குரல், ஒரு ஸ்டீல் கம்பி கிதார், பின்னணிக்குக் கீபோர்டு. டிரம்ஸ் கிடையாது, கோரஸ் கிடையாது.

பட்டியலில் இருந்த எதையும் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றும் எங்கோ யாருடைய அறையிலோ, யாருடைய குரலுக்கோ நன்றாக உட்கார்ந்த பொருள்தான். தங்கள் அறையில் என்ன குறை என்பதை மட்டும் இவர்கள் இன்னும் காது கொடுத்துக் கேட்கவில்லை. "எதையும் ஆர்டர் பண்ணாத. கையில இருக்கிறத வெச்சு ஒரு சரணம் பதிஞ்சு அனுப்பு. கேவலமா இருந்தாலும் பரவாயில்ல" என்று பதில் போட்டேன். "ஃபோம் மட்டும் ஏற்கெனவே வாங்கி ஒட்டிட்டேண்ணா" என்றான்.

முதலில் ஒரு கெட்ட பதிவு

கையில் இருந்தவை: 8 ஜிபி ரேம் உள்ள ஐந்து வருடப் பழைய லேப்டாப், ப்ளூடூத் ஹெட்செட், யுஎஸ்பி வழியாக மிடி அனுப்பக்கூடிய பழைய கீபோர்டு, அக்கா மேடைக்கு எடுத்துப்போகும் எஸ்எம்58 மைக், பழைய ஹைஃபை ஸ்பீக்கர் ஜோடி ஒன்று. முதல் பதிவைப் போனிலேயே எடுக்கச் சொன்னேன். அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும், ஒருமுறை கை தட்ட வேண்டும், பிறகு ஒரே சரணத்தை ஒரு சாண் தூரத்தில் ஒருமுறையும் நான்கு சாண் தூரத்தில் ஒருமுறையும் பாட வேண்டும்.

அந்த அரை நிமிட மௌனத்தில் கூரை விசிறியும் லேப்டாப் விசிறியும் மாறி மாறி இரைந்தன. கைதட்டலுக்குப் பின்னால் தகரத்தைச் சுண்டியதுபோல ஒரு 'ட்ர்ர்ங்'. எதிரெதிரே இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடும்போது வருவது அது. நான்கு சாண் தூரத்தில் பாடியது குளியலறைப் பாட்டு போல இருந்தது. ஒரு சாண் தூரத்தில் பாடியபோது அதே போனில், அதே அறையில், குரல் முன்னால் வந்து நின்றது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வாயிலிருந்து மைக்குக்கு நேரே வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். சுவர்களில் பட்டுச் சுழலும் ஒலியோ அறைக்குள் எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். நான்கு சாணை ஒரு சாணாகக் குறைத்தால் அறைக்கு எதிராகக் குரலுக்கு 12 டெசிபெல் லாபம். காசு செலவில்லை.

கேட்ட கோளாறுகளை ஒரு தாளில் எழுதினேன்: விசிறி, சுவர், தூரம். இந்தத் தாளில் உள்ள ஏதாவது ஒன்றைத் தீர்க்காத பொருளை வாங்குவதில்லை என்று முடிவானது. பின்னாளில் தாளில் சில வரிகள் கூடின. கூடிய பிறகுதான் அதற்கான பொருள் வந்தது.

திரும்பி நின்றபோது

அடுத்த வாரம் மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் என் கண்டென்சர் மைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அறை 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். உயரமும் 3 மீட்டர்தான், இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒரு சுவர் முழுக்கத் துணி அடைத்த இரட்டைக் கதவு அலமாரி. எதிர்ச்சுவரில் மேசை, அதன் மேலே வரிசையாக ஒட்டிய ஃபோம்.

ஒரு அங்குலத் தடிமன் கூட நிறையாத ஃபோம் அது. ஒரு பொருள் சுவரோடு ஒட்டி நின்று ஒலியை நன்றாக விழுங்க வேண்டுமென்றால், அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்பங்குக்கு அருகிலாவது தடிமன் இருப்பது நல்லது. 500 ஹெர்ட்ஸுக்கு அது 17 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர். மெல்லிய ஃபோம் 'ஸ்', 'ஷ்' போன்ற உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு, குரலின் உடம்பு இருக்கும் இடத்தைத் தொடாமல் விடுகிறது. கைதட்டல் கொஞ்சம் அடங்கும். பாட்டு டப்பாவுக்குள் கிடப்பது போலவே இருக்கும்.

அக்கா அலமாரியைப் பார்த்து நின்றுதான் பாடிப் பழகியிருந்தார். "துணி சத்தத்தை இழுத்துக்கும்னு சொன்னாங்க, அதான் அதுக்கு நேரா நிக்கிறேன்" என்றார். துணி இழுத்துக்கொள்வது உண்மைதான். சிக்கல் மைக்கில் இருக்கிறது. கார்டியாய்டு மைக் முன்னால் வருவதைக் கேட்கும், நேர் பின்னால் வருவதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பாடுபவர் அலமாரியைப் பார்த்தால், மைக்கின் முதுகு அலமாரிப் பக்கம் இருக்கும். மைக்கின் முகமோ பாடுபவரின் தோளுக்கு மேலே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மைக் கேட்காத திசையில் துணியும், உற்றுக் கேட்கிற திசையில் சுவரும்.

அலமாரிக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து வைத்தோம். அக்கா அதற்கு முதுகைக் காட்டி நின்றார். மைக், கெயின் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு), ஒரு சாண் தூரம் எதுவும் மாறவில்லை. இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிப் போட்டபோது தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "எதாவது பிளக்-இன் போட்டீங்களா?" என்று கேட்டான். மென்பொருளில் ஒலியை மெருகேற்றச் சேர்க்கும் துணை நிரலைச் சொல்கிறான். பட்டியலிலிருந்த வளைந்த தடுப்பு அங்கேயே அடிபட்டுப்போனது. மைக் குறைவாகக் கேட்கும் முதுகுப் பக்கத்தில்தானே அதை நிறுத்துகிறோம்!

எந்த மைக்

பேட்டி வீடியோக்களில் திரும்பிய பக்கமெல்லாம் எஸ்எம்7பி நிற்கிறது, ஆசை வருவது இயல்பு. நல்ல மைக் அது. ஆனால் அதன் உணர்திறன் மைனஸ் 59 டெசிபெல். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏறக்குறைய 1.1 மில்லிவோல்ட்தான் தரும். அதே அழுத்தத்துக்கு ரோடு என்டி1-ஏ போன்ற கண்டென்சர் 25 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். சிறிய இன்டர்ஃபேஸ்கள் பல ஐம்பத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். அதனால்தான் பட்டியலில் பூஸ்டர் இருந்தது. ஒரு மைக்கின் தயவில் இன்னொரு பெட்டி. உரக்கப் பேசுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. அக்காவின் பாட்டில் பாதி, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பாடுவதுபோல மெல்லியது.

கையிலிருந்த எஸ்எம்58ஐயும் என் கண்டென்சரையும் வாய்க்கு ஒரே தூரத்தில் பக்கம் பக்கமாக நிறுத்திப் பதிந்தோம், பின்னர் இரண்டின் சத்தத்தையும் சமன் செய்தோம். இங்கே ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் அறையின் எதிரொலியை இழுக்காது, கண்டென்சர் இழுத்துவிடும் என்பார்கள். சமன் செய்து கேட்டபோது இரண்டிலும் அறை கிட்டத்தட்ட ஒரே அளவுதான். டைனமிக்கை உதட்டோடு ஒட்டிப் பாடுகிறோம், கண்டென்சரை எட்ட வைத்துப் பாடுகிறோம். வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தத் தூரம்.

மற்றபடி வேறுபாடு தெளிவாகவே இருந்தது. மெல்லிய சரணத்தில் எஸ்எம்58க்குக் கெயினை முழுக்கத் திருக வேண்டியிருந்தது, பின்னால் 'ஸ்ஸ்' என்று மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பின் இரைச்சல். கண்டென்சரில் அது இல்லை, ஆனால் 'ச', 'ஸ' வரும் இடங்களில் கூர்மை கூடுதல். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்ததும் அது அடங்கியது. கிதாருக்கும் கண்டென்சர்தான் பொருந்தியது. ஆக, ஒரு கண்டென்சர், குரலுக்கும் கிதாருக்கும் அதுவே.

எந்தக் கண்டென்சர் என்பதில் தம்பி ஒரு இரவு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டான். ஏடி2020 மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபெல், என்டி1-ஏக்கு 5. தாளில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். விசிறியை நிறுத்தினாலும் அந்த அறையின் அமைதி போன் செயலியில் 35 டெசிபெலை ஒட்டியே காட்டியது. போன் செயலியைச் சத்தியம் செய்து நம்ப முடியாது. இருந்தாலும் மைக்கின் இரைச்சல் பெரும்பாலும் அறையின் இரைச்சலுக்கு அடியில் புதைந்துபோகும் என்று சொல்ல அது போதும். ஏடி2020 வகையிலேயே ஒரு சாதாரண மைக்கை எடுத்தார்கள். மிச்சமான தொகை சுவருக்குப் போனது: பத்து சென்டிமீட்டர் தடிமனில் பாறைக்கம்பளி (ராக்வூல்) அடைத்து, துணி சுற்றி, அவர்களே செய்த இரண்டு பலகைகள். பாடும் இடத்துக்கு வலமும் இடமும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தியதும் அந்த 'ட்ர்ர்ங்' காணாமல் போனது.

இன்டர்ஃபேஸ்: எத்தனை ஓட்டை, எவ்வளவு தாமதம்

எட்டு இன்புட் எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி டிரம்ஸ் பதிஞ்சா?" என்றான். அந்த அறையில் டிரம்ஸ் வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. அக்காவும் தம்பியும் ஒன்றாக வாசித்துப் பதிவதையும் ஒருநாள் முயன்று பார்த்தோம். குரல் மைக்கில் கிதார், கிதார் மைக்கில் குரல். ஒருவர் ஒரு சுரம் பிசகினால் இருவரும் மறுபடி தொடங்க வேண்டும். தனித்தனியே பதிவதென்றால் இரண்டு இன்புட் தாராளம்.

எண்ணிக்கையைவிட வேறு சிலதைப் பார்த்து வாங்கச் சொன்னேன். கண்டென்சருக்கு மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பேண்டம் பவர். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிதார் பிக்கப்பை நேரே செருக, 1 மெகாஓம் அளவுள்ள இன்ஸ்ட்ருமென்ட் இன்புட். சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் பிக்கப் மூச்சடைத்ததுபோல மங்கிவிடும். பாடுபவர் தன் குரலைக் கணினிக்குள் போகாமலேயே கேட்க டைரக்ட் மானிட்டர். அக்காவின் வகுப்புக்காக, கணினியில் ஓடும் பாட்டையும் குரலையும் சேர்த்து அனுப்பும் லூப்பேக். எல்லாவற்றுக்கும் மேலே, விண்டோஸுக்குத் தயாரித்தவரே எழுதிய, தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவர்.

இந்த டிரைவர் விஷயம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. இன்டர்ஃபேஸ் வருவதற்கு முன்பு தம்பி லேப்டாப்பின் மைக் துளையில் கிதாரைச் செருகி, பொதுவான டிரைவரில் வாசித்துப் பார்த்திருக்கிறான். விரல் தட்டியபின் ஒலி நொண்டியடித்துக்கொண்டு பின்னால் வந்ததாம். கணக்கு எளிது. கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அள்ளும் ஒலித்துண்டு, அதாவது பஃபர், 1024 சாம்பிள், வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) என்றால் உள்ளே வர மட்டும் 21 மில்லிசெகண்ட், வெளியே போக மறுபடி 21. பஃபரை 128க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 2.7தான். புது இன்டர்ஃபேஸில் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளைப் போட்டு, ஒரு க்ளிக்கை வாசித்து அதையே பதிந்து அளந்தோம். டிரைவரும் ஒலியை எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்கும் கன்வெர்ட்டரும் எடுத்துக்கொள்வது சேர்த்து மொத்தச் சுற்று 9 மில்லிசெகண்ட் வந்தது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி ஆம்பை வைத்து வாசிப்பதற்குச் சமம். கிதார்காரனுக்கு அது உறைக்காது.

பாடுபவருக்கு உறைக்கும். அவருடைய குரல் எலும்பு வழியாகக் காதுக்கு உடனே வந்துவிடுகிறது. ஹெட்ஃபோனில் சற்றுப் பின்னால் வரும் இன்னொரு குரல் அதோடு மோதி, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல ஒலிக்கிறது. அதனால் டைரக்ட் மானிட்டரைப் போட்டோம். "சரியா இருக்கு, ஆனா ஒரே வறட்சியா இருக்கே. ரிவர்ப் இல்லாம எனக்குச் சுருதி நிக்க மாட்டேங்குது" என்றார் அக்கா. நியாயமான புகார். குரலை நேரடியாகவே வைத்துக்கொண்டு, மென்பொருளிலிருந்து ரிவர்பின் ஈரப் பகுதியை, அதாவது நேர்க்குரல் கலக்காத வெறும் எதிரொலியை மட்டும் ஹெட்ஃபோனுக்கு அனுப்பினோம். ரிவர்ப் 9 மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது, கூடத்தின் சுவர் கொஞ்சம் தள்ளியிருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும்.

முதல் நாளே படபடவென்று வெடிப்புச் சத்தம் வந்து இரண்டு மணிநேரத்தைத் தின்றது. லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று தம்பி தீர்ப்பே எழுதிவிட்டான். இன்டர்ஃபேஸ், கீபோர்டு, மவுஸ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே யுஎஸ்பி ஹப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்டர்ஃபேஸை லேப்டாப்பிலேயே நேராகச் செருகி, பவர் சிக்கன அமைப்பை மாற்றி, பதியும்போது வைஃபையை அணைத்ததும் வெடிப்பு நின்றது. சார்ஜர் மாட்டியிருந்தபோது கேட்ட மெல்லிய ரீங்காரத்துக்கு, பதியும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவதே வைத்தியமானது.

லேப்டாப் விசிறிக்கும் பொருள் எதுவும் வாங்கவில்லை. நீளமான யுஎஸ்பி கேபிள் ஒன்றைப் போட்டு, லேப்டாப்பை மைக்கின் முதுகுப் பக்கம் தூரத்தில் வைத்தோம். யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டர் வரை போகலாம், மூன்று மீட்டரே போதுமாக இருந்தது.

பழைய லேப்டாப் தாங்குமா என்ற பயத்துக்கு ஒரு கணக்குப் போட்டோம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு, பத்து டிராக் என்றால் சுமார் 346 எம்பி. இதற்குப் பத்து வருடப் பழைய கணினியும் மூச்சு வாங்காது. கனப்பது மென்பொருள் பியானோ மாதிரியான பிளக்-இன்கள். வாசித்து முடித்ததும் அதை ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துவிட்டால் ரேமும் மிச்சம். 192 கிலோஹெர்ட்ஸில் பதியலாமே என்று தம்பி கேட்டான். கோப்பு நான்கு மடங்காகும், பாட்டு அப்படியே இருக்கும். 24 பிட்டை மட்டும் விடக்கூடாது. அதில் பதிவின் அடியில் கிடக்கும் இரைச்சல் அவ்வளவு தாழ்வாக இருப்பதால், மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி உச்சம் வரும்படி கெயினைத் தணித்து வைத்து நிம்மதியாகப் பாடலாம். உணர்ச்சி வேகத்தில் ஒரு வரி ஓங்கினாலும் க்ளிப் ஆகி ஒலி உடையாது.

மிச்சமிருந்தவை

மிடி கீபோர்டு வேண்டியதில்லை, பழைய கீபோர்டே மிடி அனுப்புகிறது. மிடி 1983இல் வந்த ஏற்பாடு, பழையதும் புதியதும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளும். ஹெட்ஃபோன் வேண்டும். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், அதைக் கேட்டுக்கொண்டு பாட முடியாது. தாளத்துக்காக ஹெட்ஃபோனில் ஓடும் க்ளிக் மைக்குக்குள் கசியாதிருக்க மூடிய வகை வேண்டும். டிடி 770 ப்ரோ என்ற ஹெட்ஃபோனில் 250 ஓம் வகையைப் பார்த்துவைத்திருந்தான். சிறிய இன்டர்ஃபேஸ் அதைத் தள்ளித் திணறக்கூடும் என்பதால்தான் ஆம்பும் பட்டியலில் ஏறியிருந்தது. அதிலேயே 80 ஓம் வகையை எடுத்தான், ஆம்ப் இறங்கிக்கொண்டது. மென்பொருளில் பேச ஒன்றுமில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு அதிலேயே தங்கிவிட்டார்கள்.

நாங்கள் சறுக்கியது ஸ்டாண்டில். "கம்பிதானேண்ணா" என்று இருப்பதிலேயே மெலிந்ததை வாங்கினான், நானும் தடுக்கவில்லை. மூன்றாவது பாட்டின் சிறந்த டேக்கில், கடைசிச் சரணத்துக்கு நடுவே மைக் மெல்லத் தலைகுனிய ஆரம்பித்தது. அக்கா பாடுவதை நிறுத்தவில்லை, மைக்கோடு சேர்ந்து அவரும் குனிந்துகொண்டே போயிருக்கிறார். பதிவில் அந்த நான்கு வரிகளில் குரல் படிப்படியாக மங்குவது இன்றும் கேட்கும். அதே உணர்வில் இன்னொரு டேக் வரவில்லை. மங்கிய வரிகளைத் தூக்கி ஒட்டவைத்து ஒப்பேற்றினோம். மறுநாள் கனமான அடித்தட்டு உள்ள ஸ்டாண்ட் வந்தது. இரண்டு ஸ்டாண்டுக்கும் சேர்த்துச் செலவழித்ததுதான் மொத்தத் திட்டத்தில் உண்மையான நஷ்டம். ஃபோமையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்காலி

நான்கு பாட்டுகளும் மூன்று மாதத்தில் முடிந்தன. பெரும்பாலும் ஹெட்ஃபோனில்தான் மிக்ஸ் செய்தான், இடையிடையே பழைய ஹைஃபை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தான். இரண்டாவது பாட்டில் கீபோர்டு பேஸ் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் காணாமல் போவதாகத் தோன்ற, அதை மட்டும் தூக்கி வைத்திருக்கிறான். காரில் போட்டபோது அந்த ஒரு சுரம் கதவையே அதிரவைத்தது.

அறையின் அகலம் 3 மீட்டர். அந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் முதல் ஒலி 57 ஹெர்ட்ஸ். உயரமும் 3 மீட்டர், அதற்கும் அதே 57. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. கீபோர்டில் அடிக்கட்டத்து ஏ ஷார்ப் 58 ஹெர்ட்ஸ். இப்படிச் சிக்கும் ஒலி சுவரோரத்தில் ஓங்கும், நடுவில் செத்துப்போகும். நாற்காலி இரண்டு சுவர்களுக்கும் சரிநடுவில் இருந்தது. அந்தச் சுரத்தை விடாமல் ஒலிக்கவிட்டு, அவனை நாற்காலியிலிருந்து எழுந்து சுவரை நோக்கி நடக்கச் சொன்னேன். நான்கு எட்டு வைப்பதற்குள் சிரித்துவிட்டான்.

எட்டு அங்குல ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் அந்த அடிஒலி இன்னும் பலமாகக் கிளம்பி, அதே நாற்காலியில் இன்னும் பெரிய ஓட்டையாகத் தெரிந்திருக்கும். ஸ்பீக்கர் வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டியதுமில்லை. ஐந்து அங்குலத்தில் ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் மூலைகளுக்குக் கனமான பாறைக்கம்பளிப் பலகை செய்யப் போகிறானாம். நாற்காலி இப்போது நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதன் நான்கு கால்களுக்கும் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறான். அக்கா பாட நிற்கும் இடத்தில், திறந்த அலமாரிக்கு முன்னால், இன்னொரு டேப் இருக்கிறது.